தொப்பிப் பாறைக்கு அங்கிட்டு

"எங்க நிக்குது?"ன்னு உள்ள இருந்து அப்பா கேக்குறாரு, "ஓடைக்கு அங்கிட்டுதான்ப்பா, மொதப் பந்தியில எடம் கெடைக்காதவன் மாதிரி சும்மா சுத்திக்கிட்டு இருக்கு"ன்னு நான் கூரை மேல இருந்து சொல்றேன். இது உண்மை. மணி ரெண்டே முக்கா, இதுவரைக்கும் நான் சொன்னது எல்லாமே உண்மை, இத யாராச்சும் எங்கயாச்சும் குறிச்சு வச்சுக்கிடுங்க, பின்னால தேவைப்படும். ஓட்டு முகட்டுல அங்கிட்டு ஒரு காலு இங்கிட்டு ஒரு காலு, குதிரையில வந்த ராசா கணக்கா உக்காந்திருக்கேன், என் படை நாலு ஈரச் சாக்கு, ஒரு வாளி, ஒரு பிளாஸ்டிக் சொம்பு, லுங்கி மடிப்புல ஒரு தீப்பெட்டி. தீயத் தடுக்க உக்காந்திருக்கவன் மடியில தீப்பெட்டி எதுக்குன்னா, இந்த மலைல தீய தண்ணி ஊத்தி யாரும் அணைக்கிறதில்ல, அம்புட்டுத் தண்ணிக்கு எங்க போறது, தீய வச்சுத்தான் அணைப்போம். பெரிய தீ கீழ இருந்து ஏறி வரும்போது வீட்டுப் பக்கத்துல இருந்து நாம ஒரு தீய எதிர விடணும், எதிர்த்தீ, அது ஏறும் இது எறங்கும், நடுவுல ரெண்டும் முட்டிக்கிட்டு திங்க எதுவும் இல்லாம படுத்துரும். எப்ப விடணுங்கிறதுதான் விசயமே. சீக்கிரம் விட்டா நாம வச்சதே காத்துல திரும்பி நம்ம வீட்டத் தின்னுரும், லேட்டா விட்டா சொல்லவே வேணாம். பெரிய தீ கிட்ட வந்து காத்த எல்லாம் தன் பக்கமா உறிஞ்சும், அந்த நேரத்துல விடணும். எங்க வீட்டுக்கு அந்த நேரம்னா தொப்பிப் பாறை. சரிவுல பாதியில தொப்பியக் கழட்டி வச்ச மாதிரி ஒரு பாறை, அதத் தீ தொட்டா வைக்கணும், தொடாம வைக்கக்கூடாது, எனக்கு நெனவு தெரிஞ்ச நாள்ல இருந்து அப்பா இதச் சொல்றாரு, எனக்கு ஏழாம் வாய்ப்பாடு வராது, இது வரும்.

அப்பா வெளிய வர முடியாது. கண்ணுல புரை எடுத்து நாலு நாள்தான் ஆச்சு. கருப்புக் கண்ணாடி மாட்டி அனுப்பும்போது நர்சம்மா ஒரு பட்டியல் வாசிச்சுச்சு, புகை ஆகாது, தூசி ஆகாது, குனியக்கூடாது, வெயிட்டு தூக்கக்கூடாது, தும்மவே கூடாது, தும்முனா தையல் தெறிச்சுரும்னு. நான் "தும்மல் வந்தா யார்ட்ட பர்மிசன் வாங்கணும் சிஸ்டர்"னு கேட்டேன், அது சிரிக்கல, அப்பாதான் சிரிச்சாரு, உடனே "சிரிச்சு உடம்பக் குலுக்கக்கூடாது"ன்னு அதையும் பட்டியல்ல சேத்துருச்சு. அம்மா அக்காவோட பிரசவத்துக்குக் கம்பத்துக்குப் போயிருக்கு, ஆக வீட்டுல நர்சும் நான், சமையலும் நான், இப்ப தீயணைப்பு நிலையமும் நான். ரெண்டு மணி நேரத்துக்கொரு தடவ சொட்டு மருந்து. காட்டுக்குள்ள இருந்து சாம்பல் பறந்து வரவும் ஜன்னலச் சாத்தி, இடுக்குல எல்லாம் ஈரத்துணியத் திணிச்சு, கதவையும் சாத்தி, அப்பாவ உள்ள கட்டில்ல படுக்க வச்சிருக்கேன், முட்டைய அடைக்கு வச்ச மாதிரி. அதனாலதான் அவருக்கு எதுவும் தெரியல, தெரியணும்னா என்னயக் கேக்கணும். ஒரு மணிக்கு ஜீப்புக்கார சேசு மாமா வந்து ஆரன் அடிச்சாரு, கீழ உள்ள எட்டு வீடும் ஏறியாச்சு, ஆடு கோழி பித்தளை அண்டா எல்லாம் ஏறியாச்சு, "ஏ மாப்ள, ஒங்கப்பனத் தூக்கி உள்ள போடுடா"ன்னாரு. அப்பா கட்டில்ல இருந்தே "சேசு, வீட்டயும் ஏத்த எடம் இருக்கா"ன்னாரு. "இருந்தா கேரியர்ல கட்டிருவேன் மச்சான், ஓடு விழுந்தா நான் பொறுப்பில்ல." "அப்ப நீ போ. நான் எறங்கி வர்றதுக்குள்ள இது போயிருச்சுன்னா அப்புறம் எந்தக் கண்ணு தெரிஞ்சு நான் என்ன பாக்க." சேசு மாமா என்னயப் பாத்தாரு, நான் தோளத் தூக்குனேன். "அஞ்சு மணிக்கு வர்றேன், வீடு இருந்தா காப்பி போட்டு வை"ன்னுட்டுப் போனாரு. ஜோக்கு நல்லாத்தான் இருந்துச்சு. ஜீப்புச் சத்தம் மூணாவது வளைவுல அடங்குறவரைக்கும் நல்லாத்தான் இருந்துச்சு.

மூணு மணிக்கு அலாரம் அடிக்குது. ஏணில எறங்கி, வீட்டுக்குப் பின்னால டிரம்முல கைய சோப்புப் போட்டுக் கழுவுறேன், தண்ணி சொளசொளன்னு விழுந்துக்கிட்டே இருக்கு, எதிர் மலை ஊத்துல இருந்து மண்ணுக்குள்ளயே பள்ளத்துல எறங்கி, தொப்பிப் பாறைய ஒட்டி வெளிய வந்து ஏறுற கருப்பு ஓஸுத் தண்ணி, ராத்திரி பகல் நிக்காது, இந்தச் சத்தம் இல்லாம எனக்குத் தூங்கத் தெரியாது, காலேசு ஹாஸ்டல்ல மொத மாசம் பாத்ரூம் கொழாயத் தொறந்து விட்டுட்டுப் படுத்து வார்டன்ட்ட வாங்கிக் கட்டிக்கிட்டேன். உள்ள போயி அப்பா கண்ணாடியக் கழட்டுறேன். செவசெவன்னு ஒரு கண்ணு மேல பாக்குது. "எங்க நிக்குது?" "ஓடையத் தாண்டல." சொட்டு விழுது. "தாண்டுனாச் சொல்லு. பாறையத் தொட்டாச் சொல்லு. வாயடிக்காம பாத்தத மட்டும் சொல்லு, என்ன." "சரிப்பா." "கோடு எப்படி இருக்கு?" இந்தக் கேள்வி மட்டும் வேணாம்னு நெனச்சுக்கிட்டே இருந்தேன், வந்துருச்சு. "இருக்குப்பா"ன்னு சொல்லிட்டு வெளிய வந்து கதவச் சாத்திட்டு ஏணில ஏறுறேன், நாலாவது படி ஆடுது, ஏணியும் ஒரு கேள்வி கேக்குற மாதிரியே ஆடுது.

கோடுன்னா தீக்கோடு. வீட்டுக்கும் காட்டுக்கும் நடுவுல முப்பது அடி அகலத்துக்கு வருசா வருசம் தை மாசம் அப்பா மம்பட்டி போட்டு ஒரு புல்லு விடாம செதுக்கி வைப்பாரு, செம்மண்ணு மட்டும் தெரியும், பொட்டல், தீ அதுவரைக்கும் வந்து திங்க ஒண்ணும் இல்லாம நின்னுரும். படிப்ப விட்டுட்டு வந்த வருசம் நான் அந்தக் கோட்டப் பாத்தேன். மெக்கானிக்கல் எஞ்சினியரிங் மூணாவது செமஸ்டர் வரைக்கும் போனவன் பாக்குற பார்வை அது. முப்பது அடி அகலம், வீட்டச் சுத்தி அம்புட்டு நீளம், சும்மா கெடக்கு. எதப் போட்டாலும் பன்னி தோண்டிருது, காட்டுமாடு மேஞ்சுருதுன்னு ஊரே அழுகுது. மொபைல்ல ஒருத்தன் சொல்றான், தைலப்புல்லப் போடுங்க, எலுமிச்ச வாசம் வரும்ல, டீயில போடுவாய்ங்கல்ல, அந்தப் புல்லு, அத எந்த மிருகமும் வாயில வைக்காதுன்னு. போட்டேன். ஒரு மிருகமும் வைக்கல. காட்டுமாடு வந்து மோந்து பாத்துட்டு மூஞ்சியச் சுளிச்சுக்கிட்டுப் போனத நான் இதே கூரைல இருந்து பாத்து விசிலடிச்சேன். அப்பா அன்னைக்கே சொன்னாரு, "கோட்டுல புல்லாடா"ன்னு, நான், "பச்சையா இருக்குப்பா, பச்சை எப்படிப்பா எரியும்"னு. எரியுமா எரியாதான்னு இப்ப எனக்குத் தெரியும், ரெண்டு மணிக்கு ஒரு கத்தையப் பிடுங்கி அடுப்புல வச்சுப் பாத்தேன். மாசம் பங்குனி, மூணாவது அறுப்பு அப்பா ஆபரேசனால தள்ளிப் போயி நுனியெல்லாம் வைக்கோலா நிக்குது, உள்ள ஓடுறது தண்ணியில்ல, தைலம். மண்ணெண்ணெயத் தொட்டு எடுத்த திரி மாதிரி பட்டுன்னு பிடிச்சுச்சு, புருவத்துல பாதி போச்சு. வீட்டச் சுத்தி தீ வராம இருக்க விட்ட எடத்துல வீட்டச் சுத்தி திரி போட்டு வச்சிருக்கேன். இந்த மாதிரி ஒரு வேலைய ஒரு முட்டாளால செய்ய முடியாது, கொஞ்சம் படிச்சிருக்கணும்.

எதுக்கும் அறுத்துருவோம்னு பன்னெண்டு மணிக்கே அருவாள எடுத்தேன், நாலு பாத்தி அறுத்தேன், அறுத்த புல்லத் தூக்கிட்டுப் போக ஆளில்ல, போட்ட எடத்துலயே வெயில்ல சுருண்டு கெடக்கு, நட்டமா நின்னதவிட இதுதான் சீக்கிரம் பிடிக்கும்னு பாதியில உறைச்சுச்சு. ஆக எதிர்த்தீ விட்டா மொதல்ல எரியப்போறது என் புல்லு. கோடு கோடா இருந்திருந்தா அதோட கீழ் ஓரத்துல வச்சிருக்கலாம், முப்பது அடி பொட்டலுக்கு இங்கிட்டு வீடு நிம்மதியா இருக்கும். இப்ப அடுப்படிச் சுவர ஒட்டியே வைக்கணும். வைக்கணும்னா வச்சிருவேன், அதுல ஒண்ணும் இல்ல, பாறையத் தொட்டா வச்சிருவேன். என்ன, ஒவ்வொரு தூரும் நான் வச்சது. முதுகுல கூடை கட்டி பாதி மலை எறங்கிப் போயி நாத்து வாங்கியாந்து ஐப்பசி மழைல நனஞ்சுக்கிட்டே வச்சது. நான் ஆரம்பிச்சு முடிச்ச ஒரே காரியம், டிரைவிங் லைசென்சுக்குக்கூட எட்டு போட்டுட்டு ரெண்டாவது தடவ போகாதவன் நான். மொத தைலம் எடுத்து ஒரு குட்டி பாட்டில்ல கொண்டாந்து அப்பா கையில குடுத்தப்ப, மோந்து பாத்துட்டு "ம்"னாரு, அம்புட்டுத்தான், அந்த ம்-ம நான் ரெண்டு நாள் பிரிச்சுப் பாத்தேன். அப்புறம் ஆஸ்பத்திரில பக்கத்துக் கட்டில் சின்னமனூர்க்காரரு என்ட்ட, "தம்பி, நீதான் அந்தத் தைலக்காரனா, ஒங்கப்பன் துண்டுல ரெண்டு சொட்டு விட்டுக்கிட்டு வார்டு பூரா மோந்து பாரு மோந்து பாருன்னு குடுத்துட்டாருப்பா, நர்சம்மா வஞ்சுச்சு"ன்னாரு. இத அப்பா என்ட்ட சொல்லல. நானும் தெரிஞ்ச மாதிரி காட்டிக்கல. எங்க வீட்டுல முக்கியமான சேதியெல்லாம் சின்னமனூர் வழியாத்தான் வரும்.

ஓடையத் தாண்டிருச்சு. தாண்டுனத நான் பாக்கல, ஒரு நிமிசம் மொபைலப் பாத்தேன், ஸ்டேட்டஸ்ல போட்ட புகை போட்டோவுக்கு ஹாஸ்டல் பய ஒருத்தன் "வேற லெவல் வியூ மச்சி, வர்றோம், ரூம் போடு"ன்னு அனுப்பியிருந்தான், நிமிந்தா ஓடைக்கு இங்கிட்டு நாலு எடத்துல புகை, அப்புறம் நாலும் ஒண்ணாக் கை கோத்துக்கிருச்சு. பகல்ல தீ சரிவுல எறங்கும்போதுதான் சோம்பேறி, ஏற ஆரம்பிச்சா அதுக்கு நாலு காலு. போதப்புல்லுன்னு காட்டுப்புல்லு, ஆளுயரம் காஞ்சு நிக்குது, பொறிஞ்சு பொறிஞ்சு சத்தம் வருது, தகரக் கொட்டகைல மழை விழுந்த மாதிரி, மழைச் சத்தத்துல தீ வருது, இந்த மாதிரி ஒரு ஏமாத்து வேலைய நான்கூடச் செஞ்சதில்ல. ஒரு கேளையாடு, மான் ஜாதி, சரிவுல குறுக்க ஓடி என்னயப் பாத்து நின்னுச்சு, போ போன்னு கைய ஆட்டுனேன், அது என்னயத்தான் போகச் சொன்ன மாதிரி ஒரு பார்வை பாத்துட்டுப் போயிருச்சு. "எங்க நிக்குது?" மணி மூணு முப்பத்தஞ்சு. "ஓடைல எறங்குதுப்பா." இதுதான் மொதப் பொய். பெரிய பொய்யில்ல, பத்து நிமிசம் பழைய உண்மை. செய்தியில எல்லாம் அப்படித்தான சொல்றாய்ங்க. ஏன் சொன்னேன். பாறையத் தொடலயே, தொட்டாத்தான வைக்கணும், அதுவரைக்கும் அவரப் பதட்டப்படுத்துவானேன், கண்ணுக்கு பிரசர் ஏறக்கூடாதாம்ல. நல்ல காரணம். எனக்கு எல்லாத்துக்கும் நல்ல காரணம் இருக்கும், காலேச விட்டதுக்கு நாப்பது காரணம் வச்சிருந்தேன், அப்பா ஒண்ணுகூட கேக்கல, மதுரைக்கு வந்து பெட்டியத் தூக்கிக்கிட்டாரு, பஸ்ஸுல வத்தலக்குண்டு தாண்டி மலை ஏறுறவரைக்கும் நான் ஒவ்வொரு காரணமா உள்ளுக்குள்ள துடைச்சு அடுக்கிக்கிட்டு வர்றேன், அஞ்சாவது வளைவுல அப்பா திரும்பி "வாந்தி வருதா"ன்னாரு. இல்லப்பான்னேன். "வந்தாச் சொல்லு." அம்புட்டுத்தான். வந்தாச் சொல்லு, தாண்டுனாச் சொல்லு, தொட்டாச் சொல்லு, எங்கப்பா என்ட்ட கேட்டது எல்லாமே சொல்றது ஒண்ணுதான்.

என்னமோ ஒண்ணு நின்னு போச்சு. மின்சாரம் போனா ஃபேன் நிக்கும்ல, அந்த மாதிரி காதுக்குள்ள ஒரு வெத்து. என்னன்னு தேடுறேன், தீச் சத்தம் இருக்கு, காத்து இருக்கு, என் நெஞ்சுக்கூடு அடிக்கிற சத்தம் இருக்கு. தண்ணி. டிரம்முல தண்ணி விழல. எட்டிப் பாத்தா ஓஸு வாயில ஒரு சொட்டு தொங்கிக்கிட்டு விழவா வேணாமான்னு நிக்குது, அப்புறம் அதுவும் விழுந்து ஓஸு ஒரு தடவ கொட்டாவி விட்டு அடங்குது. ஓஸு உருகிருச்சு. எங்க உருகும், பாறைய ஒட்டித்தான ஏறி வருது. தொப்பிப் பாறையப் பாக்குறேன். புகைக்குள்ள இருக்கு. புகை வெலகுது, பாறையோட விளிம்புல ஆரஞ்சுக் கலர்ல ஒரு கரை, வேட்டிக்கு இருக்க மாதிரி. தொட்டுருச்சு. மணி மூணு நாப்பத்தெட்டு. இப்ப எறங்கணும், பத்தி வைக்கணும். எறங்கு. காலு ஓட்டுல ஒட்டிக்கிருச்சு. புகை வெலகட்டும், சரியாப் பாத்துட்டு எறங்குவோம், ஓஸு வேற எங்கயாச்சும் அந்திருக்கலாம், குரங்கு கடிச்சிருக்கலாம், போன மாசம்கூடக் கடிச்சுச்சு. கரை மாதிரி தெரியுறது வெயிலா இருக்கலாம். காத்து லேசா மேக்க திரும்புன மாதிரி இருக்கு, திரும்புச்சுன்னா தீ பக்கத்துப் பள்ளத்துக்குப் போயிரும், நான் அவசரப்பட்டு வச்சு, அம்புட்டையும் கொளுத்தி, தீ இங்கிட்டு வராமலே போயிருச்சுன்னா, ஒரு வருசம், ஒவ்வொரு தூரும், சின்னமனூர்க்காரரு, வார்டு பூரா துண்டு. அப்பா கேக்கட்டும். கேட்டா சொல்லிருவேன். இந்தா இப்பக் கேப்பாரு. தண்ணி நின்னது அவருக்கும் கேட்டிருக்கும்ல, கட்டிலுக்கு நேர் பின்னாலதான் டிரம்மு. கேக்கல. ஏன் கேக்கல. தூங்கிட்டாரா. முப்பது வருசமா அந்தச் சத்தத்துல படுக்குறவரு அது நின்னா செத்திருந்தாக்கூட எந்திரிச்சுருவாரு. அம்பது ஆச்சு. அம்பத்தஞ்சு ஆச்சு. "எங்க நிக்குது?" வந்துருச்சு, சொல்லு, வாயத் தொற. "ஓடைலதான்ப்பா." உள்ள கட்டில் கிறீச்சுங்குது. அப்புறம் "சரி"ங்குறாரு. அந்தச் சரி எனக்குப் பிடிக்கல. தண்ணி ஏன் நின்னுச்சுடான்னு கேட்டிருந்தா நல்லாருக்கும், திட்டியிருந்தா நல்லாருக்கும். என் சொந்தக் கொரல் காதுக்குள்ள நிக்குது, ஓடைலதான்ப்பா, எம்புட்டு சாதாரணமாச் சொல்லியிருக்கேன், சினிமாவுக்குப் போனா பொழச்சுக்கிருவேன்.

பாறைக்கு மேல ஏறிருச்சு. இப்ப சந்தேகமில்ல, தொப்பிக்கு இங்கிட்டு எரியுது, என் மூஞ்சி சுடுது, மொத கங்கு ஒண்ணு வந்து ஓட்டுல விழுந்து உருளுது, சாக்க வச்சு அமுக்குறேன், இன்னொண்ணு, சொம்புத் தண்ணிய ஊத்துறேன், வாளியில இதுதான் கடைசித் தண்ணி, டிரம்முல இருக்கது பாதி. இப்படி அமுக்கிக்கிட்டே இருந்துரலாம்னு ஒரு நெனப்பு ஓடுது பாருங்க, கங்கு வந்தா அமுக்கு, வந்தா அமுக்கு, புல்லையும் காப்பாத்தி வீட்டயும் காப்பாத்தி. இந்த நெனப்பு எனக்குத் தெரிஞ்ச நெனப்பு. அரியர் எழுதாமலே டிகிரி வந்துரும்னு மூணு செமஸ்டர் நம்பிக்கிட்டிருந்த அதே நெனப்பு, சட்டைய மாத்திக்கிட்டு வந்திருக்கு. கீழ அந்தச் சாத்துன ரூம்புக்குள்ள ஒரு மனுசன் படுத்திருக்காரு, அவருக்குக் கண்ணு நான். டாக்டரு ஒரு கண்ண வச்சாரு, இன்னொரு கண்ண அப்பாவே கூரை மேல ஏத்தி விட்டிருக்காரு, அது பாத்தத மாத்திச் சொல்லுது. எறங்குடா. நாலாவது படில காலு வழுக்கி மூணையும் ஒண்ணா எறங்கி முட்டி தேஞ்சு கதவத் தள்ளுறேன். "அப்பா, பாறையத் தாண்டிருச்சு. பொய் சொல்லிட்டேன், அப்பவே தாண்டிருச்சு." கட்டில்ல எந்திரிச்சு உக்காந்திருக்காரு, கருப்புக் கண்ணாடி, மூக்குல ஈரத்துண்ட ஏற்கனவே கட்டியிருக்காரு, கால்ல செருப்பு, எந்நேரமா அப்படி உக்காந்திருந்தாரோ. "தெரியும்"ங்குறாரு. "தண்ணி நின்னுச்சுல்ல." "தெரிஞ்சுக்கிட்டு ஏன்ப்பா சும்மா இருந்தீங்க?" எனக்குக் கோவம் வருது, எனக்குத்தான் வருது, கூத்தப் பாருங்க. அப்பா வாய அசைக்கிறாரு, துண்டுக்குள்ள கொழகொழன்னு கேக்குது. "நீ வச்சதுடா. அத நான் எப்படிக் கொளுத்தச் சொல்லுவேன். காத்து திரும்பிராதான்னு..." பதினஞ்சு நிமிசம் சுவத்துக்கு அங்கிட்டு ஒருத்தனும் இங்கிட்டு ஒருத்தனும் அதே காத்த வேண்டிக்கிட்டு இருந்திருக்கோம். "நாம ரெண்டு பேரும் கூறு கெட்டவய்ங்கப்பா." "பேசாத. வையி."

வைக்கிறேன். அடுப்படி மூலையில இருந்து, காஞ்ச புல்லக் கத்தையா முறுக்கி, தீக்குச்சி ரெண்டு அணையுது, மூணாவது பிடிக்குது. கத்தையத் தூரு தூரா தொட்டுக்கிட்டே குனிஞ்சு ஓடுறேன், என் புல்லு, பட்டு பட்டுன்னு தைலம் வெடிக்குது, நீலமா ஒரு சுடரு, அப்புறம் மஞ்ச, எலுமிச்சய நசுக்கிக் கண்ணுல பிழிஞ்ச மாதிரி வாசம், நாலு தேயிலைக் கடைய ஒண்ணாக் கொளுத்துனாக்கூட இப்படி வாசம் வராது. "மெதுவா வையி, சேத்து வைக்காத, எடவெளி விடு!" அப்பா வெளிய வந்துட்டாரு, புகைக்குள்ள, கையில பச்சத் தழைக் கொப்பு, வீட்டுப் பக்கமாத் திரும்புற தீய எல்லாம் அடிக்கிறாரு, குனியாம அடிக்கிறாரு, வெறப்பா நின்னுக்கிட்டு, கொடிமரம் கொப்ப வச்சு அடிச்ச மாதிரி. "உள்ள போங்கப்பா! தும்மிராதீங்க!" "மூடிக்கிட்டு வையிடா!" மொத ஒரு நிமிசம் தீ எங்களப் பாத்துத்தான் சாயுது, வாசல் மேலயே நாக்க நீட்டுது, நேரம் தப்பிருச்சு, தப்பிருச்சு, பதினஞ்சு நிமிசத்துல எல்லாத்தையும் தொலச்சாச்சு, அடுப்படிச் சார்ப்பு புல்லுக் கூரைல ஒரு கங்கு உக்காந்து ஊத ஆளில்லாமலே பிடிக்குது, நான் கவக்கம்ப எடுத்துச் சார்ப்புத் தூண மாத்தி மாத்தி இடிக்கிறேன், அம்மாவோட அடுப்பு, அம்மாவோட ஊறுகா சாடி, இடி, சார்ப்பு மொத்தமா முன்னாடி கவுந்து தீக்குள்ளயே விழுது, வீட்டு ஓட்டுக்கும் அதுக்கும் ஒரு மொழம் எடவெளி. அப்பத்தான் காத்து நிக்குது. நின்னு, என் முதுகுக்குப் பின்னால இருந்து, வீட்டுப் பக்கமா இருந்து, சட்டையப் பிடிச்சுத் தள்ளுற மாதிரி கீழ பாத்து ஓடுது. பெரிய தீ உறிஞ்சுது. என் புல்லுத் தீ தலையத் திருப்புது, எறங்குது, அறுத்துப் போட்ட பாத்தியெல்லாம் ஒரே தாவா தாவி சரிவுல ஓடுது, எதிர்ல அது ஏறி வருது, ரெண்டும் முட்டி ஒரு பனை உசரத்துக்கு எந்திரிச்சு நின்னு, நின்னு, அப்புறம் யாரோ அடுப்பச் சிம்முல வச்ச மாதிரி எறங்கிருச்சு. பாதிச் சரிவுல தொப்பிப் பாறை மட்டும் கருப்பா, தொப்பியோட.

அலாரம் அடிக்குது. எங்கயோ விழுந்து கெடக்க போனுல, சாம்பலுக்குள்ள இருந்து. அஞ்சு மணி. சொட்டு மருந்து. அப்பா ஆட்டுக்கல்லு மேல உக்காந்திருக்காரு, ரெண்டு விரல வச்சு மூக்கப் பிடிச்சுக்கிட்டு, தும்மல முழுங்கி முழுங்கி மொகம் பூரா தண்ணி. வீட்டப் பாக்குறேன், ஓடு நாலு வெடிச்சிருக்கு, அடுப்படி இல்ல, மத்தது இருக்கு. கோட்டப் பாக்குறேன். முப்பது அடி அகலத்துக்கு ஒரு புல்லு இல்ல. அப்பா செதுக்கி வச்சாக்கூட இம்புட்டு சுத்தமா வராது. கீழ வளைவுல ஆரன் சத்தம் கேக்குது, சேசு மாமா, காப்பிக்கு வர்றாரு, காப்பி போட அடுப்பு இல்லன்னு அவருக்குத் தெரியாது. டிரம்முல மிச்சம் இருந்த தண்ணில கைய சோப்புப் போட்டுக் கழுவுறேன், ரெண்டாந்தடவ கழுவுறேன், நகத்துக்குள்ள கருப்பு போகல, எலுமிச்ச வாசமும் போகல. அப்பா கண்ணாடியக் கழட்டி மொகத்த அண்ணாக்காத் தூக்குறாரு. கண்ணு மொளகாப் பழம் மாதிரி செவந்திருக்கு, ஓரத்துல சாம்பல். தையல் இருக்கா தெறிச்சுருச்சான்னு எனக்கு எப்படித் தெரியும், நான் மூணாவது செமஸ்டர். மொதச் சொட்டு கன்னத்துல விழுது, ரெண்டாவது உள்ள விழுது. இமை மூடித் தொறக்குது. "தெரியுதாப்பா?" அப்பா கன்னத்துல வழிஞ்ச சொட்டத் தொடைக்கிறாரு. "அப்பா. ஏதாச்சும் தெரியுதா? பாத்தத மட்டும் சொல்லுங்க." கண்ணு என் மேல வந்து நிக்குது. "கருப்பா ஒண்ணு நிக்குது." "அது நான்தான்ப்பா." "புருவம் பாதியக் காணோம்." "அது ரெண்டு மணிக்கே போயிருச்சு." "இத ஏன்டா என்ட்ட சொல்லல"ன்னு கேக்குறாரு அப்பா, கேட்டுட்டு, சிரிச்சுக் குலுங்கக்கூடாதுன்னு ஆட்டுக்கல்ல ரெண்டு கையாலயும் இறுக்கிப் பிடிச்சுக்கிறாரு.